இலை முழ நீளம், பூ மட்டும் இல்லை: கிழங்குப் பூச்செடிகளுக்கு எந்த உரம், எப்போது, எவ்வளவு?

செந்தூல்_பால்கனி
ஏழாவது மாடி, கிழக்கு பார்த்த பால்கனி. காலை 7 முதல் 11 வரை நேர் வெயில், பிறகு வெளிச்சம் மட்டும். 25 செ.மீ. சட்டிகளில் சிவப்பு அமரில்லிஸ், இரண்டு சட்டி மழை லில்லி, ஒரு பெரிய பையில் சம்பங்கி. மண், நர்சரியில் மூட்டையாக விற்கும் கறுப்புக் கலவை. பச்சை என்பிகே 15-15-15 (நைட்ரஜன், மணிச்சத்து எனும் பாஸ்பரஸ், பொட்டாஷ் ஆகியவற்றின் சதவீதம்) மாதம் ஒரு தேக்கரண்டி, வாரம் ஒருமுறை அரிசி கழுவிய தண்ணீர். இலைகள் கரும்பச்சையாகத் தளதளவென்று இருக்கின்றன. பூத்தண்டு எட்டிப் பார்க்கவே இல்லை. கடையில் 10-52-10 என்று ஒரு 'பூ உரம்' இருக்கிறது, வாங்கலாமா? எலும்புத்தூளும் சேர்க்க வேண்டுமா?

பாலிக்புலாவ்_மண்வெட்டி
10-52-10 வேண்டாம். அந்தக் காசுக்கு இரண்டு நல்ல சட்டி வாங்கலாம்.

அமரில்லிஸ் கிழங்குக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் உரக்கணக்கு தானாகப் புரியும். அது நான்கு இலை விட்டால் ஒரு பூமொட்டு உருவாக்கும், மறுபடி நான்கு இலை, மறுபடி ஒரு மொட்டு. கிழங்கை நீளவாக்கில் அறுத்தால் இந்த அடுக்கு கண்ணுக்கே தெரியும். இன்று வெளியே தலைகாட்டும் மொட்டு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே உள்ளே உருவாகிவிட்டது. ஆகவே மொட்டு வரும் நேரத்தில் எந்தப் பொடியைக் கொட்டினாலும் இந்த முறை பூ எண்ணிக்கை கூடாது. உரம் வேலை செய்வது பூ முடிந்த பிறகு, இலைகள் வளர்ந்து கிழங்கை நிரப்பும் அந்த ஆறேழு மாதங்களில்தான். பூ வாடியதும் "இனி என்ன இருக்கிறது" என்று சட்டியை மூலையில் தள்ளுகிறோமே, தப்பு அங்கே ஆரம்பிக்கிறது.

சீனப் பெருநாளுக்கு முன் பினாங்கிலும் கேஎல்லிலும் (கோலாலம்பூரிலும்) விற்கிறார்களே, தட்டில் வெறும் தண்ணீரும் கூழாங்கல்லும் வைத்துப் பூக்கவைக்கும் நார்சிசஸ், அதற்கு யாரும் உரம் போடுவதில்லை. பூவும் அதற்கான சாப்பாடும் கிழங்குக்குள்ளேயே இருக்கின்றன. பூத்து முடிந்ததும் கிழங்கு காலி. நம் வெக்கையில் அது மறுபடி தேறாது, தூக்கிப் போட வேண்டியதுதான். அமரில்லிஸ் அப்படியல்ல, இலை இருந்தால் மறுபடி நிரம்பும்.

பூத்தண்டை அடியில் வெட்டுங்கள், இலையில் கை வைக்காதீர்கள். காய் பிடிக்கவும் விடாதீர்கள், விதைக்குப் போகிற சத்து கிழங்குக்குப் போகட்டும். நர்சரியில் விற்கும் பெரிய பூ ரகக் கிழங்குகளுக்குச் சுற்றளவு 20 செ.மீ. அளவாவது வந்தால்தான் பூவை நிச்சயமாக எதிர்பார்க்கலாம். உங்கள் கிழங்கை நூல் வைத்து அளந்து சொல்லுங்கள்.

உமிக்கரி
மண்வெட்டி அண்ணன் சொன்னது சரி. ஒன்றை மட்டும் நேராகச் சொல்லிவிடுகிறேன், செந்தூல் சகோ. பச்சை உரத்தை மாற்றி நீல உரம் போட்டால் மட்டும் உங்களுக்குப் பூ வந்துவிடாது. கணக்கைப் பாருங்கள். 15-15-15இல் 5 கிராம் போட்டால் நைட்ரஜன் 0.75 கிராம், பொட்டாஷும் 0.75. நீல 12-12-17இல் அதே 5 கிராமில் நைட்ரஜன் 0.6, பொட்டாஷ் 0.85. நீலம் நல்லது, கூடவே 2 சதவீதம் மெக்னீசியமும் நுண்சத்தும் உண்டு. ஆனால் வித்தியாசம் அவ்வளவுதான். உங்கள் சிக்கல் நாலு மணி நேர வெயிலும், ஓய்வே இல்லாத ஈரமும்.

10-52-10 பற்றி. மணிச்சத்து கூடினால் பூ கூடும் என்பது பழைய நம்பிக்கை. பூக்கும் செடிக்கும் நைட்ரஜன், பொட்டாஷ் அளவுக்கு மணிச்சத்து தேவைப்படாது. சட்டியில் அது மிஞ்சினால் இரும்பும் துத்தநாகமும் செடிக்குக் கிடைக்காமல் போகும். புது இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். அதைப் பார்த்துச் சத்துக்குறை என்று நினைத்து இன்னும் ஒரு கரண்டி போடுவார்கள்.

அரிசி கழுவிய தண்ணீர் கெடுதல் இல்லை, உரமும் இல்லை. மாவு புளித்து மேல்மண்ணில் சின்னக் கொசு போன்ற ஈ வரும், அவ்வளவே. பழத்தோலைப் புதைப்பதும் இப்படித்தான். பொட்டாஷ் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கிழங்குக்குப் பக்கத்தில் அழுகுகிற எதையும் வைக்கக் கூடாது. மட்கவைத்துப் போடுங்கள்.

கெப்போங்_லில்லி
எலும்புத்தூளுக்கு யாருமே பதில் சொல்லவில்லையே! நடும்போது அடியில் ஒரு மேசைக்கரண்டி எலும்புத்தூள் என்பது காலங்காலமாகச் சொல்வது. அதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் ரசாயனமாக்க வேண்டுமா?

உமிக்கரி
தரையில் நடும்போது எலும்புத்தூள் நல்லது, லில்லி அக்கா. காரணமும் உண்டு. எலும்பில் இருப்பது கால்சியம் பாஸ்பேட், அது புளிப்பு மண்ணில்தான் கரையும். நம் செம்மண் பெரும்பாலும் அமில காரநிலை 4.5 முதல் 5.5 வரை, அதனால் கரைகிறது. அதே எலும்புத்தூளைக் கருக்கிய உமி நிறையப் போட்ட சட்டிக் கலவையில் போட்டால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும், உமிக்கரி காரத்தன்மை உடையது. இன்னொன்று, எலும்புத்தூளில் பொட்டாஷ் கிடையாது. கிழங்கு மாவுச்சத்தைச் சேர்க்க முக்கியமாகக் கேட்பது அதைத்தான். எலும்புத்தூள் மட்டும் போட்டால் பாதிச் சமையல்.

செம்மண்ணில் இன்னொரு தொல்லை. அலுமினியமும் இரும்பும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதோடு மணிச்சத்து மண்ணில் நகராது. மேலே தூவினால் மேலேயே நிற்கும். அதனால்தான் நடும்போதே வேர் போகும் ஆழத்தில், கிழங்குக்கு 5 செ.மீ. கீழே, மண்ணோடு கலந்து வைக்க வேண்டும். செம்பனைத் தோட்டங்களில் போடும் கிறிஸ்மஸ் தீவுப் பாறை பாஸ்பேட் கிடைத்தால் அதுவே போதும், எலும்புத்தூளைவிட மலிவு.

ஆயர்ஈத்தாம்_அக்கா
எலும்புத்தூள் வாசனைக்கு நாய் தோண்டும், பெருச்சாளியும் வரும். அமரில்லிஸ், மழை லில்லி, சிலந்தி லில்லி, விஷமூங்கில் எல்லாவற்றின் கிழங்கிலும் லைகோரின் என்ற நஞ்சு இருக்கிறது, தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும். செங்காந்தள் கிழங்கு அதைவிட மோசம், அதில் இருப்பது கோல்சிசின், உயிரையே வாங்கும். நாய் வளர்ப்பவர்கள், சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டார் எலும்புத்தூளை விட்டுப் பாறை பாஸ்பேட்டுக்குப் போவதே நல்லது. செங்காந்தள் கிழங்கைப் பிரிக்கும்போது கையுறை போடுங்கள்.

செந்தூல்_பால்கனி
அளந்தேன். பெரியது 24 செ.மீ., மற்றவை 17, 18. அப்படியென்றால் பெரியதாவது பூத்திருக்க வேண்டும் அல்லவா? டோலமைட் சுண்ணாம்பு போட்டால் சரியாகுமா? பலர் போடச் சொல்கிறார்கள்.

உமிக்கரி
மூட்டையில் என்ன கலந்திருக்கிறது என்று பாருங்கள். தென்னை நார்த்தூளும் கருக்கிய உமியும் கண்ணில் பட்டால் டோலமைட் தேவையில்லை. அந்தக் கலவையின் அமில காரநிலை ஏற்கெனவே 6 முதல் 7க்குள் இருக்கும், இன்னும் ஏற்றினால் இரும்புச்சத்து பூட்டிக்கொள்ளும். தரையில் செம்மண்ணில் நடுகிறவர்களுக்குத்தான் டோலமைட்: சதுர மீட்டருக்கு 100 கிராம், நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே கொத்திக் கலக்க வேண்டும். யூரியா, அமோனியம் உரம், கோழி எரு இவற்றோடு ஒரே நாளில் போட்டால் நைட்ரஜன் அமோனியா வாயுவாகப் பறந்துவிடும். மூக்கே சொல்லிவிடும்.

நமக்கு ஏற்ற சட்டிக் கலவை என்று கேட்டால், நார்த்தூள் 2 பங்கு, கருக்கிய உமி 2, கரடுமுரடான ஆற்று மணல் 1, நன்றாக மட்கிய எரு 1. நார்த்தூளை முதலில் மூன்று தண்ணீர் அலச வேண்டும், அதில் உப்பு இருக்கும். அமரில்லிஸ் கிழங்கின் மேல் பாதி மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும். கழுத்துவரை புதைத்தால் கேஎல் மழைக்கு அழுகல் நிச்சயம்.

பாலிக்புலாவ்_மண்வெட்டி
24 செ.மீ. கிழங்கு பூக்காமல் இருப்பது உரக்குறையால் அல்ல, ஓய்வு இல்லாததால். இங்கே வருஷம் முழுக்க ஒரே வெப்பம், ஒரே ஈரம். செடி இலை விட்டுக்கொண்டே இருக்கிறது. காய்ச்சலை, அதாவது மண் காயும் வறட்சியை, நாம்தான் உண்டாக்க வேண்டும்.

முறை: இலை நன்றாக வளர்ந்து ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். உரத்தை நிறுத்துங்கள். இரண்டு வாரம் கழித்துத் தண்ணீரைக் குறையுங்கள், பிறகு அடியோடு நிறுத்துங்கள். மழை படாத இடம், வெளிச்சம் இருக்கலாம். இலை தானாக மஞ்சளாகி மடங்கட்டும், பச்சையாக இருக்கும்போது வெட்டக் கூடாது, அதில் இருக்கும் சத்து கிழங்குக்கு இறங்கிக்கொண்டிருக்கும். 6 முதல் 8 வாரம் இப்படி. பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி இதற்குத் தோதான காலம், வானமே உதவி செய்யும். கேஎல்லில் வானத்தை நம்ப முடியாது, எந்த மாதமானாலும் கூரைக்குக் கீழே வையுங்கள்.

ஓய்வில் இருக்கும் சட்டிக்கு உரம் போடவே கூடாது. வேர் உறிஞ்சாது. மண் காயக் காய உப்பு செறிந்து வேர் நுனியைக் கருக்கும்.

ஓய்வு முடிந்ததும் ஒருமுறை நன்றாகத் தண்ணீர், பிறகு தண்டோ இலையோ இரண்டு மூன்று அங்குலம் வரும்வரை கஞ்சத்தனமாக. அப்புறம்தான் உரம்.

ரெலாவ்_மாடி
குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் கட்டாயம் பூக்கும் என்கிறார்களே?

பாலிக்புலாவ்_மண்வெட்டி
எல்லா ரகத்துக்கும் வேண்டாம். கம்போங் வீடுகளில் காலங்காலமாக இருக்கும் ஆரஞ்சு நிறச் சின்னப் பூ ரகம் குளிரே இல்லாமல் பூக்கும். ஹாலந்திலிருந்து வரும் பெரிய பூ ரகங்களுக்கு வெறும் காய்ச்சல் போதாமல் போனால் குளிர் முயலலாம்: இலை முழுக்கக் காய்ந்த கிழங்கைத் தோண்டி, மண்ணைத் தட்டி, கழுவாமல், நாளிதழில் சுற்றி, காய்கறித் தட்டில் 6 முதல் 8 வாரம். ஆப்பிளும் வாழைப்பழமும் அதே பெட்டியில் இருக்கக் கூடாது, பழுக்கும் பழம் விடும் எதிலீன் வாயு உள்ளே இருக்கும் பூமொட்டைக் கெடுக்கும். வீட்டில் பழம் இல்லாத குளிர்பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். அதனால்தான் இதைக் கடைசி வழியாகச் சொல்கிறேன்.

உமிக்கரி
இனி அளவு. மழையில் நனையும் சட்டிக்கும் கூரைக்குக் கீழ் இருக்கும் சட்டிக்கும் ஒரே அட்டவணை போடுவதுதான் பலரும் செய்கிற கோளாறு.

கேஎல்லில் ஆண்டுக்கு 2,400 மி.மீ.க்கு மேல் மழை. ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் சாயங்காலம் ஒரு கொட்டு கொட்டினால், காலையில் போட்ட நைட்ரேட்டும் பொட்டாஷும் சட்டி ஓட்டை வழியாகச் சாக்கடைக்குப் போய்விடும். மழைபடும் சட்டிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி: 25 செ.மீ. சட்டிக்கு நீல என்பிகே அரைத் தேக்கரண்டி, அதாவது 2 முதல் 3 கிராம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை. சட்டி ஓரமாகத் தூவுங்கள், கிழங்கின் தோளில் ஒரு குருணைகூடத் தங்கக் கூடாது. தங்கிய இடத்தில் பழுப்புக் குழி விழும், அதன் வழியாக அழுகல் நுழையும்.

பால்கனி போலக் கூரை உள்ள இடத்துக்குக் கரைசல்தான் நல்லது. முழுதும் கரையும் 20-20-20 ஒரு லிட்டருக்கு 1 கிராம், அது லிட்டருக்கு 200 மில்லிகிராம் நைட்ரஜன். இலை வளரும் காலத்தில் வாரம் ஒருமுறை. இலை முழு நீளம் வந்த பிறகு அதைப் பாதியாக்கி, சல்பேட் ஆஃப் பொட்டாஷ் லிட்டருக்கு அரை கிராம் சேருங்கள். எப்போதும் மண் ஈரமாக இருக்கும்போது ஊற்றுங்கள். காய்ந்த மண்ணில் உரக்கரைசல் ஊற்றினால் வேர் கருகும்.

தோட்டத்துச் சிவப்பு பொட்டாஷ், அதாவது மியூரியேட், மலிவுதான். தரையில் மழை அடித்துப் போகிற இடத்தில் சதுர மீட்டருக்கு 10 கிராம் என்றால் பாதகமில்லை. சட்டியில் போடாதீர்கள். அதில் பாதிக்கு நெருக்கமாகக் குளோரைடு, இலை நுனி காய்ந்து வரும்.

ஒஸ்மோகோட் போன்ற மெதுவாக விடும் குருணையில் 'ஆறு மாதம்' என்று போட்டிருந்தால் அது 21 டிகிரியை வைத்துச் சொன்ன கணக்கு. நம் வெயிலில் மூன்று நான்கு மாதத்தில் தீர்ந்துவிடும், தொடக்கத்தில் கொஞ்சம் அதிகமாகவும் விடும். ஆகவே பொட்டலத்தில் சொன்னதில் பாதி போட்டு மூன்று மாதத்தில் மறுபடி பாதி.

கெப்போங்_லில்லி
எப்சம் உப்பு?

உமிக்கரி
அடி இலையில் நரம்புக்கு நடுவே மஞ்சள் படர்ந்தால் மட்டும். லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி, மாதம் ஒருமுறை, இரண்டு தடவை. பொட்டாஷ் அதிகம் போடுகிற இடத்தில்தான் இந்தக் குறை வரும், ஒன்று மற்றதைத் தடுக்கும். கால்சியம் நைட்ரேட் கரைசலோடு எப்சம் உப்பையோ சல்பேட் பொட்டாஷையோ ஒரே வாளியில் கெட்டியாகக் கலக்காதீர்கள், ஜிப்சம் வெள்ளையாக அடியில் படிந்துவிடும்.

ஆயர்ஈத்தாம்_அக்கா
மழை லில்லியும் சம்பங்கியும் அமரில்லிஸ் கணக்கில் சேராது, அதைத் தனியாகச் சொல்கிறேன்.

மழை லில்லிக்கு உரம் கொஞ்சம்தான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கால் தேக்கரண்டி நீல உரம். நைட்ரஜன் கூடினால் புல் மாதிரி இலைதான் வரும். அது பூப்பது காய்ச்சலுக்குப் பின் வரும் ஈரத்துக்கு. இரண்டு மூன்று வாரம் தண்ணீரை நிறுத்தி, பிறகு சட்டியை வாளியில் அரைமணி நேரம் முக்கி எடுங்கள், ஒரு வாரத்துக்குள் மொட்டு வரும். நெருக்கமாக இருந்தாலும் பூக்கும், அவசரப்பட்டுப் பிரிக்க வேண்டாம்.

சம்பங்கி நேர்மாறு. நிறையச் சாப்பிடும், ஆறு மணி நேர வெயில் கேட்கும். உங்கள் பால்கனியில் அது ஒற்றைத் தண்டு விட்டாலே பெரிது, செந்தூல் தங்கச்சி. தரை இருப்பவர்களுக்கு: 20 செ.மீ. உயர மேட்டுப்பாத்தி, சதுர மீட்டருக்கு 2 கிலோ மட்கிய எரு, 40 கிராம் பாறை பாஸ்பேட். 2 செ.மீ.க்குக் குறையாத விட்டமுள்ள கிழங்குகளை 20 செ.மீ. இடைவெளியில் நடுங்கள், அதைவிடச் சின்னது ஒரு வருஷம் இலைதான் விடும். ஐந்தாறு இலை வந்ததும் நீல உரம் 30 கிராம் மாதாமாதம், வரிசைகளுக்கு நடுவே, மண்ணைக் கிளறி மூடிவிட வேண்டும். பூத்தண்டு தெரிந்ததும் ஒருமுறை 10 கிராம் சல்பேட் பொட்டாஷ். இரண்டு மூன்று வருஷத்தில் கிழங்கு குட்டி போட்டு நெருக்கிக்கொள்ளும். தண்டு குட்டையாகி எண்ணிக்கை குறைந்தால் உரத்தைக் கூட்டாதீர்கள், தோண்டிப் பிரியுங்கள்.

பச்சைக் கோழி எரு மட்டும் போட்டுவிடாதீர்கள். சூடு ஒரு பக்கம், மட்காத எருவில் ஸ்கிளரோசியம் பூஞ்சை குடியேறும் என்பது இன்னொரு பக்கம். செடியின் அடியில் வெள்ளை நூலும் கடுகு கடுகாகப் பழுப்பு உருண்டையும் தெரிந்தால் அதுதான். அந்தச் செடியைச் சுற்றியுள்ள மண்ணோடு அள்ளிக் குப்பையில் போடுங்கள், கம்போஸ்ட் குழிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ரெலாவ்_மாடி
நிழல்தான் இருக்கிறது, வெயிலே கிடையாது என்பவர்களுக்கு?

ஆயர்ஈத்தாம்_அக்கா
யூகாரிஸ், அமேசான் லில்லி என்று விற்பார்கள். நேர் வெயில் பட்டால் இலை பொசுங்கும். கரைசல் உரம் பாதி அளவில், லிட்டருக்கு அரை கிராம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. பூ வேண்டுமென்றால் மூன்று நான்கு வாரம் தண்ணீரைக் குறைத்து, இலை லேசாகத் தொய்யும்போது மறுபடி தண்ணீரும் உரமும். முழுக்கக் காயவிடக் கூடாது, இது இலை உதிர்க்கிற சாதியல்ல.

பாலிக்புலாவ்_மண்வெட்டி
உரம் அதிகமானதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று இதுவரை யாரும் எழுதவில்லை. இலை நீண்டு மெத்தென்று மடிந்து விழுந்தால் நைட்ரஜன் கூடுதல், வெளிச்சம் குறைவு, பெரும்பாலும் இரண்டும் சேர்ந்து. அப்படிப்பட்ட இலையில்தான் சிவப்புப் புள்ளி நோய் வேகமாகப் பரவும், கிழங்கும் நீர்கோத்து மென்மையாகும். கிழங்கை அழுத்தினால் அமுங்கி நாற்றம் வந்தால் அது பாக்டீரியா அழுகல், காப்பாற்ற முடியாது. நாற்றமில்லாமல் ஒரு பக்கம் மட்டும் பழுப்பு என்றால் வெள்ளைச் சதை தெரியும்வரை கத்தியால் செதுக்கி, கரித்தூள் அல்லது பூஞ்சைக்கொல்லி தடவி, மூன்று நாள் நிழலில் உலர்த்தி, எரு கலக்காத மணலில் நடுங்கள். புது வேர் வரும்வரை உரம் கிடையாது.

இலையில் ஓட்டை விழுந்து, கறுப்பில் மஞ்சள் வெள்ளைப் புள்ளி வைத்த புழு தெரிந்தால் அது உரச் சங்கதி இல்லை, லில்லிப் புழு. கையால் பொறுக்குங்கள். கிழங்குக் கழுத்துக்குள் இறங்கிவிட்டால் பிறகு தொல்லை.

உமிக்கரி
கூரைக்குக் கீழ் இருக்கும் சட்டியில் மேல்மண்ணிலும் சட்டி விளிம்பிலும் வெள்ளைப் பொருக்கு கட்டினால் உப்பு சேர்ந்துவிட்டது. 25 செ.மீ. சட்டிக்கு 15 லிட்டர் வெறும் தண்ணீரை மெதுவாக, விட்டு விட்டு ஊற்றி வடியவிட வேண்டும். பால்கனியில் செய்யாதீர்கள், ஆறாம் மாடி வீட்டார் துணி காயப்போட்டிருப்பார்கள். குளியலறைக்குத் தூக்கிப் போங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செய்தால் போதும்.

அடித்தட்டில் தண்ணீர் நிற்கவே கூடாது. வடிந்த உப்பு மறுபடி மேலேறும் என்பது ஒன்று. ஏடிஸ் கொசு இன்னொன்று. 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி சுகாதார அதிகாரிகள் வந்து ஜென்டிக்கை (கொசுப் புழுவை) பார்த்துவிட்டால் அபராதம். தட்டை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மணல் நிரப்புங்கள்.

செந்தூல்_பால்கனி
நன்றி. மண் மூட்டையைப் பார்த்தேன், நார்த்தூளும் உமியும்தான். அப்படியானால் டோலமைட் இல்லை, 10-52-10 இல்லை. இப்போது நான்கு அமரில்லிஸையும் ஒரேயடியாகக் காயவைக்கலாமா?

பாலிக்புலாவ்_மண்வெட்டி
24 செ.மீ. கிழங்கை மட்டும் காயவையுங்கள். 17, 18 இருப்பவற்றுக்கு ஓய்வு வேண்டாம், அவை இன்னும் வளர வேண்டியவை. வெள்ளைப் பொருக்கு இருந்தால் முதலில் அலசுங்கள், ஒரு வாரம் விட்டு உமிக்கரி சொன்ன கரைசலை ஆரம்பியுங்கள். கம்பித் தடுப்பின் வெளிச்சம் படும் ஓரத்துக்கு அவற்றை நகர்த்தி, மாதம் ஒருமுறை சுற்றளவை அளந்து எழுதி வையுங்கள். 20ஐத் தாண்டியதும் அதற்கு ஓய்வு கொடுக்கலாம். சம்பங்கிப் பையைக் கீழே வெயில் உள்ள யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.